பார்பராவின் நாற்பது

பொங்கலுக்குக் கோபி பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவுக்கு ஒரு பழைய ஆங்கிலத் தொடரை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். ‘தி குட் லைஃப்’. 1975 ஏப்ரலில் பிபிசி 1-இல் தொடங்கியது. லண்டனை ஒட்டிய சர்பிட்டன் என்ற புறநகரில் ஒரு கணவன் மனைவி. டாம் குட், பார்பரா குட். பிள்ளைகள் இல்லை. டாமுக்கு அன்றைக்கு நாற்பதாவது பிறந்தநாள். கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரியான உணவுப் பெட்டிகளுக்குள் இலவசமாகப் போட்டுத் தருவார்களே பிளாஸ்டிக் பொம்மைகள், அவற்றை வரைந்து கொடுப்பதுதான் அவனுடைய உத்தியோகம். நாற்பது வருஷம் வாழ்ந்து கடைசியில் இதுதானா என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. வேலையை விடுகிறான். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் தோட்டம் இருக்கிறது. புல்வெளியைக் கொத்திக் கிழங்கு போடலாம், கோழியும் பன்றியும் வளர்க்கலாம், ஆடு கட்டலாம், சாணத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம். வீட்டை விட்டு எங்கும் போகாமல், கடையில் எதுவும் வாங்காமல், சொந்தக் கையால் வாழ்ந்துவிடலாம்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “இவன் நம்மாளுடா” என்றார். சும்மா சொல்லவில்லை. 2001-இல் வங்கியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பி மஞ்சள் போட்டவர் அவர். அப்போது அவருக்கு நாற்பத்தாறு. டாம் தன் மேலாளரிடம் பேசும் காட்சியை இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

அம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சர். சப்டைட்டில் போட்டால் அவருக்கும் புரியும். பாதியில் எழுந்தார். “மோட்டார் ஓடிட்டு இருக்குது. நிறுத்திப்போட்டு வர்றேன்.” திரும்பி வரும்போது அத்தியாயம் முடிந்திருந்தது. “என்ன ஆச்சு, அந்தப் பொண்ணு சரின்னுட்டாளா?” என்று கேட்டார். “சொல்லிட்டாம்மா” என்றேன். “ம்” என்றார்.

அந்த ‘ம்’ தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இந்தத் தொடர் உயிர். ஜான் எஸ்மாண்ட், பாப் லார்பி என்ற இரட்டையர் எழுதியது. நான்கு பருவங்கள், இரண்டு சிறப்பு நிகழ்ச்சிகள், மொத்தம் 30 அத்தியாயங்கள். போன வருஷம் நாற்பது முடிந்த கையோடு, தூக்கம் வராத ராத்திரிகளில் மொத்தத்தையும் பார்த்து முடித்தேன். அரைமணி நேரத்தில் மனுஷனை லேசாக்கி அனுப்புகிற வித்தை அதில் இருக்கிறது. ஆட்டுக்கு ஜெரால்டின் என்றும் சேவலுக்கு லெனின் என்றும் பெயர் வைக்கிற குறும்பு இருக்கிறது. 1978 ஜூனில் கடைசிச் சிறப்பு அத்தியாயத்தைப் பதிவு செய்தபோது எலிசபெத் அரசியே அரங்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். ஒரு தேசத்துக்கே செல்லப்பிள்ளையாக இருந்த தொடர்.

ஆனால் இதை ‘ஒரு தம்பதி நடுவயதைச் சமாளிக்கும் கதை’ என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு ஆணுக்கு நடுவயது வருகிறது, அவன் மனைவி அதைச் சமாளிக்கிறாள். கதை அவ்வளவுதான். தம்பதி என்ற சொல் இங்கே ஒரு திரைச்சீலை. இது தெரியாமல் நடந்துவிட்ட பிழை என்று யாராவது சொன்னால், நடிகர்களின் பிறந்த தேதிகளை எடுத்துப் பாருங்கள் என்பேன்.

டாமாக நடித்த ரிச்சர்ட் பிரையர்ஸ் 1934-இல் பிறந்தவர். தொடர் ஆரம்பித்தபோது வயது 41. சரியான தேர்வு. பார்பராவாக நடித்த ஃபெலிசிட்டி கெண்டல் 1946-இல் பிறந்தவர். வயது 28. (இந்தியாவில் ஊர் ஊராக ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட கெண்டல் குடும்பத்துப் பெண். சசி கபூரின் மைத்துனி.) பக்கத்து வீட்டு ஜெர்ரி லெட்பெட்டராக வரும் பால் எடிங்டனுக்கு 47. அவன் மனைவி மார்கோவாக வரும் பெனிலோப் கீத்துக்கு 35. இரண்டு வீட்டிலும் புருஷன்களுக்குத்தான் நடுவயது. மனைவிகள் ஒரு டஜன் வருஷம் பின்னால் நிற்கிறார்கள். ஒரு பெண்ணின் நாற்பது அந்தத் தெருவுக்குள்ளேயே நுழையவில்லை. முதல் அத்தியாயத்தில் மார்கோவுக்கு முகம்கூடக் கிடையாது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கிற குரல் மட்டும்தான்.

பார்பரா சம்மதிக்கிற இடத்துக்கு வருவோம். யோசிக்கிறாள், தயங்குகிறாள். முதல் அத்தியாயத்துக்குள்ளேயே சரி என்றும் சொல்லிவிடுகிறாள். கதை நகரணுமே, வேறென்ன செய்வது என்பீர்கள். சரி. ஆனால் டாமின் முடிவுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை முழுக்க இருக்கிறது. பொம்மைகள், அலுவலகம், பிறந்தநாள், வயிற்றைக் கவ்வுகிற பயம். பார்பராவின் முடிவுக்குப் பின்னால் டாம் மட்டும்தான் இருக்கிறான். அவள் அதுவரை என்னவாக இருந்தாள், என்ன ஆசைப்பட்டாள் என்று எழுதியவர்கள் நின்று கேட்கவில்லை. அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “என் கூட வர்றியா?”

*

வந்தாள். அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள்.

டாம் மண் கொத்துகிறான். பார்பராவும் கொத்துகிறாள். டாம் பன்றியைக் கழுவுகிறான். பார்பராவும் கழுவுகிறாள். அதெல்லாம் முடிந்ததும் அடுப்படிக்குப் பெரும்பாலும் யார் போகிறார்கள்? மின்சார அடுப்பு போய், அந்தக் காலத்து இரும்பு அடுப்பு வந்துவிட்ட வீடு அது. துவைப்பது, தைப்பது, இருப்பதை வைத்துப் பொங்கிப் போடுவது. ‘தன்னிறைவு’ என்று டாம் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லுக்குள் அவளுடைய இரண்டாவது ஷிஃப்ட் உட்கார்ந்திருக்கிறது. ஓர் அத்தியாயத்தில் அறுவடை நேரம் பார்த்து டாமுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது. மொத்தமும் பார்பராவின் தலையில் விழுகிறது. ஊரே சிரித்த அத்தியாயம் அது. நானும் சிரித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது பார்பராவுக்கு என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருக்கும். தொடரே நின்றிருக்கும்.

மூன்றாவது பருவத்தில், அவளிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல உடை பாழாகிப்போவதைப் பற்றி ஓர் அத்தியாயம் வருகிறது. என்னைக் கேட்டால் முப்பது அத்தியாயத்திலும் உண்மையான அத்தியாயம் அதுதான். சேற்றிலும் பூட்ஸிலும் தன் பெண் உருவம் எங்கே போனது என்று அவள் வெடிக்கிறாள். கண்ணீர் உண்மை, கோபம் உண்மை, கெண்டல் பிரமாதம். ஆனால் அரைமணி நேர நகைச்சுவையில் ஒரு விதி உண்டு. அடுத்த வாரம் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். டாமின் கேள்வி தொடர் முழுக்க நீள்கிறது. பார்பராவின் கேள்விக்கு ஒரு வாரம்தான் அனுமதி. அவனுக்கு வந்தால் தத்துவம், அவளுக்கு வந்தால் மூட்.

டாம் ஒரு சுயநலக்காரன் என்று ரிச்சர்ட் பிரையர்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

*

‘டேய், இது காமெடிடா, இதுல போய்...’ என்று ஆரம்பிக்கிற நண்பர்களுக்கு. காமெடி என்பதால்தான் எழுதுகிறேன். ஒரு துயர நாடகத்தில் கணவன் இப்படிச் செய்திருந்தால் நாமே எழுந்து திட்டியிருப்போம். சிரித்துக்கொண்டே இருப்பதால் கை கட்டிக்கொண்டு சம்மதித்துவிடுகிறோம். பார்பரா சம்மதித்ததும் இப்படித்தான், டாம் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தான்.

இந்தத் தொடரைத் திட்டியவர்கள் முன்பும் இருந்தார்கள். ‘தி யங் ஒன்ஸ்’ என்ற அடாவடித் தொடரில், 1984-இல் வந்த ஓர் அத்தியாயத்தில், விவியன் என்ற பங்க் பையன் ‘தி குட் லைஃப்’ தொடரின் டைட்டிலையே கிழித்துக்கொண்டு வெளியே வந்து கத்துவான். எல்லாம் இவ்வளவு இனிப்பாக, இவ்வளவு நல்லவர்களாக இருக்கிறார்களே என்று அவனுக்கு ஆத்திரம். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். ஆனால் அடி விழுந்த இடம் தப்பு. இந்தத் தொடர் இனிப்பாக இருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. அந்த இனிப்பைத் தினமும் காய்ச்சி இறக்குவது யார் என்பதை மறைத்ததுதான் குற்றம். விவியனும் அதைக் கேட்கவில்லை. அவனும் ஆம்பளைப் பையன்தானே.

‘அந்தக் காலம் அப்படி’ என்பது அடுத்த சமாதானம். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பார்ப்போம். 1973-இல் எண்ணெய் நெருக்கடி. 1974 தொடக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிரிட்டனின் தொழிற்சாலைகளை வாரம் மூன்று நாள் மட்டும் ஓட்டினார்கள். 1975-இல் விலைவாசி ஏற்றம் 24 சதவீதம். கடையை நம்பாமல் வாழலாம் என்ற கனவு எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? ஜான் சீமோரின் தன்னிறைவு நூல்கள் வந்ததும் அந்த வருஷங்களில்தான். டாமின் கனவுக்குக் காலம் துணை நின்றது.

அதே 1975-இல் இன்னொன்றும் நடந்தது. பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. சம ஊதியச் சட்டம் 1970-இலேயே இயற்றப்பட்டிருந்தாலும் நடைமுறைக்கு வந்தது 1975 டிசம்பர் 29 அன்றுதான். அதுவரைக்கும் ஒரு பெண் கடன் கேட்டுப் போனால் புருஷன் கையெழுத்தையோ அப்பா கையெழுத்தையோ கொண்டு வா என்று திருப்பி அனுப்புவது சாதாரணம். வெளியே பெண்கள் தங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமையை வாங்கிக்கொண்டிருந்த அதே வருஷம், டிவிக்குள் ஒரு பெண், சம்பளமே இல்லாத ஒரு வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே குடிபெயர்ந்தாள். காலத்தைச் சாக்கு சொன்னால் எதிர்ப்பக்கமும் அதே காலம்தான்.

*

பெண்ணின் நடுவயதைப் பற்றி அந்த ஊரில் யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். எழுதியது ஒரு பெண்.

கார்லா லேன் எழுதிய ‘பட்டர்ஃப்ளைஸ்’ 1978 நவம்பரில் பிபிசி 2-இல் தொடங்கி, 1983 வரை நான்கு பருவங்கள் வந்தது. ரியா பார்கின்சனுக்கு ஒரு பல்மருத்துவக் கணவன், வளர்ந்த இரண்டு மகன்கள், வசதியான வீடு. அடிப்பவர் யாருமில்லை, குடிப்பவர் யாருமில்லை. அவளுக்குச் சமையல் மட்டும் சுத்தமாக வராது. கணவன் பென் பட்டாம்பூச்சிகளைச் சேகரிக்கிறவன், ஊசி குத்திப் பலகையில் வைக்கிறவன். ரியாவாக நடித்த வெண்டி கிரெய்குக்கு அப்போது 44. கடைசியில் நாற்பதைக் கடந்த ஒரு பெண், நாற்பதைக் கடந்த பெண்ணாகவே திரைக்கு வந்தார்.

ரியாவுக்கும் டாமுக்கு வந்த அதே கேள்விதான் வருகிறது. இவ்வளவுதானா? ஆனால் அவளுக்குக் கிடைப்பது என்ன? லெனர்ட் என்ற மணமுறிவு பெற்ற பணக்காரனோடு ஒரு சந்திப்பு. பூங்காவில் நடை, பேச்சு, தவிப்பு. தொடர் முழுக்க அந்த உறவு படுக்கை வரை போவதே இல்லை. கால் அடி எடுத்து வைத்ததற்கே வண்டி வண்டியாகக் குற்றவுணர்ச்சி. அவள் தோட்டத்தைக் கொத்தவில்லை, யாரையும் பட்டினி போடவில்லை (அவள் சமையலைத் தவிர்த்தால்), யாருடைய சம்பளத்தையும் நிறுத்தவில்லை. அப்படியும் பார்க்கிற நமக்கு ‘ஐயோ, பென் பாவம்’ என்று தோன்றுகிறது. எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாமைப் பார்த்தபோது ‘ஐயோ, பார்பரா பாவம்’ என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லையே?

இன்னொரு நடுவயதுக்காரரும் உண்டு. டேவிட் நாப்ஸ் உருவாக்கிய ரெஜினால்ட் பெரின், 1976-இல் பிபிசிக்கு வந்தார். இனிப்பு வகைகள் செய்யும் கம்பெனியில் அதிகாரி. தினமும் 11 நிமிஷம் தாமதமாக வருகிற ரயில். ஒருநாள் கடற்கரையில் துணிமணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, செத்துப்போனதாக நாடகமாடிக் காணாமல் போகிறார். அப்புறம் வேறு பெயரில் திரும்பி வந்து தன் மனைவியையே மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறார். புருஷன் செத்துவிட்டான் என்று நம்பி அழுத ஒரு பெண்ணின் நாட்கள் அந்தக் கதையில் இடைவேளை மாதிரி கடந்து போகின்றன. கொடுமை என்று யாரும் சொல்லவில்லை. மேதைமை என்றார்கள். மேதைமைதான், மறுக்கவில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆணுக்கு நாற்பது வந்தால் ஒரு தோட்டம், ஒரு கடல். பெண்ணுக்கு வந்தால் ஒரு பூங்கா பெஞ்சு. அதிலும் விளிம்பில்தான் உட்கார வேண்டும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

*

இதை ஏன் நீ, 2020களில், தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறாய்?

உங்கள் போனைத் திறங்கள். ‘லட்சத்தில் சம்பளம், உதறித் தள்ளிவிட்டு இயற்கை விவசாயம்’. வாரத்துக்கு ஒன்றாவது கண்ணில் படும். தாடி வைத்த ஒருவர் வரப்பில் நடந்துகொண்டே பேசுவார். மண், விதை, நிம்மதி. மூன்றாவது நிமிஷத்தில் மனைவி வருவார். கையில் ஒரு முறம், முகத்தில் ஒரு சிரிப்பு. “முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அவரு சந்தோஷமா இருக்கறதைப் பார்த்து சரின்னுட்டேன்.” கேமரா திரும்ப வரப்புக்குப் போய்விடும். எஸ்மாண்டும் லார்பியும் எழுதிய முதல் அத்தியாயம் அப்படியே. அந்த அம்மா ஸ்கூலில் வேலை பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது வீட்டிலிருந்தே லாகின் பண்ணிக்கொண்டிருப்பார். அந்தச் சம்பளம் வீடியோவில் வராது.

எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தச் சம்பளத்தில் படித்தவன்.

அப்பா ஊருக்குத் திரும்பிய முதல் இரண்டு வருஷம் மஞ்சள் விலை கைகொடுக்கவில்லை. போர் போட்டது அம்மாவின் பி.எஃப். கடனில். என் காலேஜ் ஃபீஸ் அம்மாவின் சம்பளத்தில். காலையில் ஆளுக்குச் சாப்பாடு கட்டிவிட்டு, 8.10 பஸ்ஸைப் பிடித்து ஸ்கூலுக்குப் போய், சாயங்காலம் வந்து மாட்டைப் பார்த்து, ராத்திரி பேப்பர் திருத்துவார். ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள், “உங்கப்பா மாதிரி வாழோணும் தம்பி. நெனச்சதச் செஞ்ச மனுசன்.” நானும் பெருமையோடு தலையாட்டுவேன். நாற்பது வயதில் நானும் வேலையை விட்டுவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கணக்கில் என் மனைவியின் சம்பளம் ‘கைவசம் இருப்பு’ என்ற இடத்தில் இருந்தது. அவளிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. டாமாவது முதல் அத்தியாயத்திலேயே கேட்டுவிட்டான்.

அந்தப் பொங்கல் ராத்திரி, அப்பா படுத்த பிறகு, அம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, உனக்கு நாப்பது வயசு ஆனப்ப என்ன பண்ணுன?”

“நாப்பதா?” கொஞ்ச நேரம் யோசித்தார். “அது உங்கப்பா வேலைய உட்டுப்போட்டு வந்த வருசமில்ல கண்ணு.”

“அது அப்பா பண்ணது. நீ என்ன பண்ணுன?”

பதில் வர நேரமானது. “எம்.ஃபில். சேரலாம்னு அப்ளிகேசன் வாங்கி வெச்சிருந்தேன். லீவுல போய்ப் படிக்கற மாதிரி. அப்பறம் வீடு மாத்தறது, அது இதுன்னு...” சொல்லிக்கொண்டே டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “இப்ப எதுக்கு அதெல்லாம்?”

2001-இல் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு நடுவயது வந்திருக்கிறது. ஒன்று ஊர்க்கதை ஆனது. இன்னொன்று ஒரு பாரம் நிரப்பாத அப்ளிகேஷன். இருபத்துச் சொச்சம் வருஷம் எனக்கே தெரியாது. என் அப்பா கெட்டவரில்லை. டாமும் கெட்டவனில்லை. கெட்டவர்கள் யாருமே இல்லாத வீட்டில் இது எப்படி நடந்தது என்பதைத்தான் இத்தனை பக்கமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் நல்லவர்கள் என்பதால்தான் யாரும் எதையும் கேட்கவில்லை.

*

இந்தத் தொடரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பாருங்கள். சிரியுங்கள். 1977 கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தைத் தவறவிடாதீர்கள். ஆர்டர் செய்த உயரத்தில் மரம் இல்லை என்று மொத்த கிறிஸ்துமஸையும் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றுமில்லாத குட் வீட்டுக்கு வந்து, செய்தித்தாளில் மடித்த தொப்பியைப் போட்டுக்கொண்டு விளையாடுகிற மார்கோவைப் பாருங்கள். பெனிலோப் கீத் சிரிக்கிற அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

நான்காவது பருவத்தின் கடைசி அத்தியாயம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். தன்னிறைவு வாழ்க்கையின் ஆண்டு நிறைவு நாள். கொண்டாடிவிட்டு வீடு திரும்பினால், யாரோ புகுந்து வீட்டையே நாசம் செய்திருக்கிறார்கள். பார்பரா உடைந்துபோகிறாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி தொடங்குவது என்று முடிவெடுக்கிறார்கள். எல்லோரும் அதைத் தம்பதியின் வெற்றி என்பார்கள். எனக்கு அந்த இடிந்த வீட்டின் நடுவில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இந்த முறையாவது டாம் அவளைப் பார்த்து, “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டிருக்கலாமே? கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. ஒருவேளை இதையேதான் சொல்லியிருப்பாள், உருளைக்கிழங்கு, ஜெரால்டின், இந்தச் சேறு. அப்போது அது அவளுடைய தோட்டமாகவும் ஆகியிருக்கும்.

இருபதுகளில் இருக்கிற நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நாற்பது வெகுதூரம் என்று நினைப்பீர்கள். அவ்வளவு தூரமில்லை. ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கனவு காணும்போது அந்தக் கனவில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். பெண்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் அம்மாவிடம் கேட்டேன், நான் எழுதுவதில் நீ ஏதாவது சொல்லணுமா என்று. போனில் சிரித்தார்.

“உங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டாத. மனசு கஷ்டப்படுவாரு.”

படித்துக் காட்டத்தான் போகிறேன்.